கனவில் சர்வீஸ் பழகியவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். டேபிள் டென்னிஸில் பேக்ஹேண்ட் சர்வீஸ் பழகி வருகிறேன். மணிக்கட்டில் காயம், மூன்று வாரம் மட்டையைத் தொடக்கூடாது. அதனால் தினமும் படுத்ததும் கண்ணை மூடி, பந்தை மேலே போடுவதிலிருந்து மட்டை அதன் அடியை உரசும் கணம்வரை மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறேன். இது ஓரளவு கைகூடுகிறது.

சிக்கல் கனவில்தான். 'இது கனவு' என்று கனவுக்குள்ளேயே தெரிவது இதுவரை நான்கு முறை வாய்த்தது. 2010-இல் எர்லாக்கர், ஷ்ரெடல் இருவரும் வெளியிட்ட ஒரு சிறு ஆய்வில், இப்படிப்பட்ட கனவில் நாணயத்தைக் கோப்பைக்குள் எறிந்து பழகியவர்கள் காலையில் முன்பைவிட நன்றாக எறிந்தார்கள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இதே நினைப்பு. ஆனால் என் கனவில் பந்து பலூன் மாதிரி மிதந்து இறங்குகிறது! உள்ளங்கைகளைத் தேய்த்தால் கனவு கொஞ்ச நேரம் நிலைக்கிறது. அப்புறம் இரண்டாவது சர்வீஸ் போடுவதற்குள் விழிப்பு வந்துவிடுகிறது.

பந்தின் வேகத்தை நிஜம்போலக் கொண்டுவந்தவர்கள் எப்படிச் செய்தீர்கள்? மிதக்கும் பந்தில் பழகினால், திரும்ப ஆடும்போது கையின் நேரக்கணக்கு கெட்டுவிடுமா? இதுதான் பெரிய பயம். பயிற்சியாளர்கள் யாராவது இருந்தால் அவசியம் சொல்லுங்கள்.