ஸ்கோர்டலியா: உருளைக்கிழங்கை மிக்ஸியில் போடலாமா?

காட்பாடி_செல்வி:
என் அண்ணன் மகன் கப்பலில் வேலை பார்க்கிறான். கிரேக்க நாட்டுப் பிரேயஸ் துறைமுகத்தில் மீன் வறுவலோடு ஸ்கோர்டலியா என்கிற பூண்டு மசியல் சாப்பிட்டானாம். உருளைக்கிழங்கு, பச்சைப் பூண்டு, ஆலிவ் எண்ணெய், வினிகர், அவ்வளவுதான் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறான், செய்து போட ஆசை. எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு ஒரு சுற்று விடலாமா? ஆலிவ் எண்ணெய் விலைக்குப் பயமாக இருக்கிறது, செக்குக் கடலை எண்ணெய் ஊற்றலாமா?

சத்துவாச்சாரி_மீனா:
கிழங்கை மட்டும் மிக்ஸியில் போடவே போடாதீர்கள், செல்வி. பிளேடு சுற்றும் வேகத்தில் மாவுச்சத்து வெளியே வந்து போஸ்டர் பசைபோல இழுக்கும். அப்புறம் எதை ஊற்றினாலும் சரியாகாது. அரை கிலோ பழைய கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து, இடியாப்ப அச்சில் பிழிந்துவிடுங்கள். கட்டியே இருக்காது.

பூண்டுக்கு அம்மிதான். மலைப்பூண்டு என்றால் நாலைந்து பல் போதும். நடுவில் பச்சை முளை இருந்தால் கிள்ளி எறியுங்கள், கசக்கும். கல் உப்பை வைத்து நசுக்கி, நார் துளிகூடத் தெரியாமல், விரலில் தொட்டால் வழுக்குகிற வரை இழுத்து இழுத்து அரைக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் சாப்பிடும்போது பூண்டுத் துணுக்கு நாக்கைச் சுடும். காட்டம் குறைவாக வேண்டுமானால் ஒரு ஸ்பூன் வினிகர் விட்டே அரையுங்கள். புளிப்பு பட்டால் பூண்டின் காரம் முழுசாகக் கிளம்பாது.

விழுதைக் கிழங்கில் சேர்த்து, 100 மில்லி எண்ணெயை நூல்போல ஊற்றிக்கொண்டே மரக்கரண்டியால் அடியுங்கள். நடுநடுவே வினிகர், மொத்தம் இரண்டு மேசைக்கரண்டி. இறுகினால் கிழங்கு வெந்த தண்ணீர் கொஞ்சம். கடலை எண்ணெய் வேண்டாம். அதன் வாசனை பூண்டை அமுக்கிவிடும். இதில் ருசியே ஆலிவ் எண்ணெய்தான், சின்ன பாட்டில் வாங்கினால் போதும்.

வாணியம்பாடி_ரஹீம்:
மீனா அக்கா சொன்னது சரி. கிழங்கு இல்லாமல், ஊறவைத்துப் பிழிந்த ரொட்டியிலும் செய்வார்கள், வாதுமையோ வால்நட்டோ சேர்த்து. கிரேக்கத்தில் உருளைக்கிழங்குச் சாகுபடி பரவியதே 1828-ல் அந்நாட்டின் முதல் ஆளுநர் கபோடிஸ்ட்ரியாஸ் ஆட்சிக்கு வந்த பிறகுதான். மார்ச் 25 அவர்களுக்குத் தவக்காலத்துக்கு நடுவே மீன் சாப்பிட அனுமதியுள்ள திருநாள். அன்று உப்புக்கண்டமிட்ட காட் மீனை ஊறவைத்து, மாவில் தோய்த்துப் பொரித்து இதோடு வைப்பார்கள். நமக்கு வஞ்சிரம் போதும்.

சத்துவாச்சாரி_மீனா:
மீன் சாப்பிடாதவர்களுக்குக் கத்தரிக்காய் வறுவல். இது கிரேக்கர்களே செய்கிற ஜோடிதான். நம்மிடம் இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் இருக்கும்போது வேறெதற்குப் போக வேண்டும்? 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். வட்டமாக நறுக்கி, உப்பு தடவி, ஈரத்தைத் துடைத்துவிட்டுப் பொரியுங்கள். வேகவைத்த பீட்ரூட்டும் நன்றாகச் சேரும்.

காட்பாடி_செல்வி:
சரி அக்கா, அம்மியைக் கழுவி வைக்கிறேன். சனிக்கிழமை இரவே செய்து வைக்கலாமா?

சத்துவாச்சாரி_மீனா:
தாராளமாக. ஆனால் செய்தவுடன் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள். பச்சைப் பூண்டு எண்ணெயில் இருப்பதை நம் வேலூர் வெயிலில் வெளியே விடக்கூடாது. இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். மறுநாள் காரம் கூடித் தெரியும், அதனால் ஒரு பல் குறைத்துப் போடுங்கள். பரிமாறுவதற்குக் கொஞ்சம் முன்னால் எடுத்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் கிளறினால் இளகிவிடும்.