மறு: தோனா தைகுவா – "நீர்ப்பெண்டு" சரியா வருமா?

வணக்கம் நண்பர்களே,

ஸ்பெயின் பக்கத்து கத்தலான் நாட்டார் கதைகள்ல வர்ற தோனா தைகுவாவுக்கு (தண்ணியில வாழுற மாயப்பொண்ணு) தமிழ்ல "கடற்கன்னி"ன்னு போட்டுடலாம்னு போன மடல்ல வந்துச்சு, எனக்கு அது ஒட்டவே இல்ல. கடற்கன்னின்னா உடனே மீன்வால் கண்ணு முன்னாடி வந்துடும், இவங்களுக்கு வாலும் கிடையாது கடலும் கிடையாது, சுனை, மடு, ஏரி இங்கதான் இருப்பாங்க. பன்யோலஸ் ஏரியில (1992 ஒலிம்பிக் துடுப்புப்படகுப் போட்டி நடந்துச்சே, அதேதான்) கோஜான்னு பேரு, பிரனீஸ் மலைப்பக்கம் என்கந்தாதா, நிலா வெளிச்சத்துல துணி துவைச்சுக் காயப்போடுவாங்களாம், அதுல ஒரு துணி கையில சிக்குனா அந்தக் குடும்பத்துக்கு வறுமையே வராதுன்னு நம்பிக்கை.

"நீரரமகளிர்"னு அண்ணன் சொன்னது அருமையான சொல், சூரரமகளிர் வரையரமகளிர்னு மலையில இருக்குற தெய்வப்பெண்களைச் சொல்ற வரிசையில பழைய தமிழ்லயே இருக்கு, கிரேக்கக் கதையில வர்ற நையாட், வடக்கு ஸ்பெயின்ல அஸ்தூரியா பக்கத்து ஷானான்னு இது மாதிரி தண்ணியில வாழுறவங்க எல்லாருக்கும் சேத்து பொதுச்சொல்லா அதையே வெச்சுக்கலாம். ஆனா கதைக்குள்ள அது உக்காராது.

குவால்பா கதையப் பாருங்க. மொன்செனி மலையடிவாரத்து ஊரு, அங்க கோர்க் நெக்ரேன்னு ஒரு மடு, கருமடுன்னே சொல்லலாம். அந்த மடுவுல இருந்து வந்தவளை ஒரு பண்ணைவீட்டுப் பையன் கட்டிக்கிறான், அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு, நான் தண்ணியில இருந்து வந்தவன்னு எந்நாளும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. புள்ளைங்க பொறக்குது, வீடு செழிக்குது, ஒருநாள் சண்டையில கோவத்துல அந்த வார்த்தையக் கொட்டிடுறான், அவ ஓடிப்போய் மடுவுல எறங்கிடுறா. அப்புறம் ராத்திரியில யாருக்கும் தெரியாம வந்து புள்ளைங்களுக்குத் தலை சீவிவிட்டுப் போவாளாம், அவ கண்ணீர் சிந்துன இடத்துல காலையில முத்து கெடக்குமாம்.

கதையே அந்த ஒரு வார்த்தையிலதான் உடையுது, அப்ப அது சண்டையில வாயில வர்ற வார்த்தையா இருக்கணும்ல? கோவத்துல எவனும் நீரரமகளேன்னு கத்தமாட்டான். கத்தலான்ல அது சாதாரணச் சொல்லுதான், தோனான்னா பொம்பள, தைகுவான்னா தண்ணியோட. அதுலயும் தோனாவுக்கு மனைவின்னும் அர்த்தம் உண்டு. தமிழ்ல இந்த ரெண்டும் சேந்து வர்றது "பெண்டு", பெண்டுபிள்ளைன்னு சொல்றோமே. அதனாலதான் நீர்ப்பெண்டு.

கோஜா, என்கந்தாதாவ மட்டும் அப்படியே விட்டுடுவோம், அதெல்லாம் அந்தந்த வட்டாரத்துப் பேரு.

கோர்க்குக்கு மடுன்னு போட்டிருக்கேன், தென்மாவட்டத்துல சொல்ற "கசம்" இன்னும் பொருந்துமோன்னு தோணுது, ஆழமும் இருட்டும் அதுலயே வந்துடுது. எது வைக்கலாம்னு சொல்லுங்க.