ட்ரையாஜ்ல பேஷன்ட் கூட வந்தவர் கைய முறுக்கிட்டார், ரிப்போர்ட் எழுதலாமா?

ராக்கோழி:
கேஷுவாலிட்டிக்கு நர்ஸா வந்து எட்டு மாசம் ஆகுது. போன வாரம் நைட் ட்ரையாஜ்ல, அதான் யார முதல்ல பாக்கணும்னு பிரிக்கிற இடத்துல, நான் மட்டும்தான், கணுக்கால் பிசகுன ஒருத்தர வெயிட் பண்ண சொல்லிட்டு நெஞ்சுவலின்னு வந்தவருக்கு ஈசிஜி எடுக்க ஓடுறேன், பின்னாடியே வந்த கணுக்கால்காரரோட அட்டெண்டர் "நாங்கதான முன்னாடி வந்தோம்"னு கைய புடிச்சு முறுக்கிட்டார். மணிக்கட்டு இன்னும் வீக்கம், க்ளவுஸ் மாட்டும்போது உயிர் போகுது. இன்சார்ஜ்கிட்ட சொன்னா "கேஷுவாலிட்டின்னா அப்படித்தான், நீ முதல்ல என்ன பேசுன"ங்கறாங்க. என்ன பேசிருப்பேன், பத்து நிமிஷம் இருங்கன்னேன். இன்சிடென்ட் ரிப்போர்ட் எழுதுனா ட்யூட்டி லிஸ்ட்ல கை வைப்பாங்களோன்னு பயம். என்ன பண்ண?

பழைய சிஸ்டர்:
எழுதுமா, இன்னைக்கே. "தகராறு பண்ணார்"னு மொட்டையா எழுதாத. அவர் சொன்ன வார்த்தைய அப்படியே போடு, எத்தன மணி, எந்த கை, யார் பாத்தா, அப்ப ட்ரையாஜ்ல எத்தன பேர் இருந்தீங்க. இந்த கடைசி வரி ரொம்ப முக்கியம், ஒத்த ஆளா நிக்க விட்டது உன் தப்பு இல்லல்ல. மணிக்கட்ட டாக்டர்கிட்ட காட்டி எக்ஸ்ரே எடுத்து நோட்ஸ்ல ஏத்திடு.
நாங்க வருஷக்கணக்கா எழுதல. அப்புறம் ராத்திரிக்கு ஒரு செக்யூரிட்டி வேணும்னு கேட்டா ஃபைல புரட்டி பாத்துட்டு "இங்கதான் ஒண்ணுமே நடக்கலயே"ன்னாங்க, எங்களால பதில் பேச முடியல. சுகாதார ஊழியர்கள்ல 8லருந்து 38 சதவீதம் பேர் சர்வீஸ்ல ஒரு தடவயாவது அடிவாங்குறாங்கன்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, இவங்க ஃபைல்ல மட்டும் சைபர்.

சுகர்பாத்தியா:
அக்கா சொன்னது சரி, ஆனா பேஷன்டே அடிச்சா கத வேற. என்னை ஒருத்தர் எட்டி உதைச்சார், ட்ரே பறந்துச்சு, தண்ணியடிச்சிருக்கார்னு எல்லாரும் முடிவே கட்டிட்டாங்க. க்ளூகோமீட்டர்ல பாத்தா சுகர் 38தான், ரொம்ப கம்மி. டெக்ஸ்ட்ரோஸ் (க்ளூகோஸ்) ஏறி கொஞ்ச நேரத்துல கண்ண தொறந்து "சிஸ்டர், என் செருப்பு எங்க"ன்னு கேக்குறார், உதைச்சது சுத்தமா ஞாபகம் இல்ல! ஆக்சிஜன் கொறஞ்சாலும், தலைல அடிபட்டாலும், குடிய திடீர்னு நிறுத்துனாலும் இப்படி ஆகும். அதுக்கும் ரிப்போர்ட் போட்டேன். அது அவர் மேல புகார் இல்லயே, நடந்தது பதிவாகணும், அவ்ளோதான்.

கதவோரம்:
ஒருத்தர் கை நீட்டப் போறார்னு முன்கூட்டியே கண்டுபிடிக்க ஸ்டாம்ப்னு ஒரு லிஸ்ட் இருக்கு, ஆஸ்திரேலியால ஒரு எமர்ஜென்சி டிபார்ட்மென்ட்ட கவனிச்சு 2007ல வெளியிட்டது. முறைக்கிறது, குரல் மாறுறது, பதட்டம், முணுமுணுப்பு, அங்கயும் இங்கயும் நடக்குறது. இதுல ரெண்டு தெரிஞ்சாலே நான் கழுத்துல இருக்க ஸ்டெத்த கழட்டி பாக்கெட்ல போட்டுட்டு கதவு பக்கம் நின்னுக்குவேன். இதெல்லாம் ஓரளவுக்குத்தான் உதவும், பின்னாடிலருந்து வந்து புடிச்சா எந்த லிஸ்ட்டும் காப்பாத்தாது.

வெயிட்டிங்ஹால்:
நான் நர்ஸ் இல்ல. அப்பாவ கூட்டிட்டு வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்துட்டு கத்தியிருக்கேன், கை வைக்கல. வந்த வரிசைப்படி பாக்க மாட்டாங்க, யாருக்கு ஆபத்து அதிகமோ அவங்கதான் முதல்லன்னு அன்னைக்கு யாராவது ஒரு வார்த்த சொல்லிருந்தா அடங்கிருப்பேன்.

பழைய சிஸ்டர்:
சொல்றதுக்கு ஆள் வேணும்ங்க. அவ ஒருத்திதான் இருந்திருக்கா, அவளும் ஈசிஜிக்கு ஓடிட்டா.

ராக்கோழி:
எழுதி குடுத்துட்டேன் அக்கா. எலும்பு முறியல, ஜவ்வுதான். இன்சார்ஜ் பேசாம கையெழுத்து போட்டாங்க, அப்புறம் மெதுவா சொல்றாங்க, அவங்களுக்கு ஒரு தடவ முன்பல்லே ஒடஞ்சிருக்காம், எழுதலயாம். நைட்டுக்கு இன்னொரு ஆள் கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.