பிராகில் மாற்றிய பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? அவசரம்

மழைத்தூறல் (பகல் 12.15)

அம்மாவும் நானும் இன்று காலைதான் பிராகுக்கு வந்து சேர்ந்தோம். பழைய நகரச் சதுக்கத்துக் கடிகாரத்தில் 11 மணிக்கு அப்போஸ்தலர் பொம்மைகள் வருவதைப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சந்தில் ஒரு பணமாற்றுக் கடையில் 200 யூரோவைக் கொடுத்தேன். வாசல் பலகையில் யூரோவுக்கு 25 என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கையில் கிடைத்ததோ 3,400 கொருனா (செக் நாட்டுப் பணம்). ரசீதில் யூரோவுக்கு 17 என்றுதான் அச்சாகியிருக்கிறது. மறுபடி போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: 25 என்பது அவர்கள் யூரோவை விற்கும் விலை. கேட்டால், "ரசீது போட்டாகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார்கள். மாற்றியது 11.20க்கு. ஏதாவது வழி உண்டா?

ஒற்றையடிப்பாதை

எனக்கும் 2016இல் இதே ஊரில் இப்படித்தான் ஆனது. எவ்வளவோ மன்றாடியும் ஒரு காசு திரும்பவில்லை. மனதைத் தேற்றிக்கொண்டு அம்மாவோடு ஊரைப் பாருங்கள்.

கல்பாலம்

தம்பி, தேற்றிக்கொள்ள வேண்டாம், உடனே திரும்பிப் போங்கள்! மேலே சொன்ன நண்பர் போன காலத்தில் வழி இல்லை, இப்போது இருக்கிறது. 2019 ஏப்ரல் முதல் செக் நாட்டுச் சட்டப்படி, 1,000 யூரோ வரையிலான பணமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் நாமே ரத்து செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. உங்களுக்கு 2.20 வரை நேரம் இருக்கிறது.

மாற்றிய அதே கடைக்குத்தான் போக வேண்டும். ரசீதையும் 3,400 கொருனாவையும் அப்படியே எடுத்துச் செல்லுங்கள். அதிலிருந்து தண்ணீர் பாட்டில்கூட வாங்கிவிடாதீர்கள். ரத்து செய்வதற்கான படிவத்தைக் கேளுங்கள். மறுத்தால், இந்தக் கடைகளைக் கண்காணிக்கும் செக் தேசிய வங்கியிடம் புகார் செய்வேன் என்று நிதானமாகச் சொல்லுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், ஆனால் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

மழைத்தூறல் (1.25)

கிடைத்துவிட்டது! முதலில் அப்படிச் சட்டமே இல்லை என்றார்கள். தேசிய வங்கி என்றதும் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்து, மேசைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட்டேன். நான்கு ஐம்பது யூரோ நோட்டுகள் வந்தன. அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் பைக்குள் வைத்தார். கல்பாலம் அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

இனி கொருனாவுக்கு என்ன செய்வது? கோட்டைக்கும் போக வேண்டும். அம்மாவால் படி ஏற முடியாது.

கல்பாலம்

படித்ததும் எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும், அதனால் கொஞ்சம் கொருனா போதும். ஏதாவது வங்கியின் ஏடிஎம்மில் எடுங்கள். உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா என்று திரையில் கேட்டால் மறுத்துவிட்டு, கொருனாவிலேயே எடுங்கள். தெருவில் யாராவது நல்ல விலைக்கு மாற்றித் தருகிறேன் என்று நெருங்கினால் நிற்கவே வேண்டாம். வேறு நாட்டுச் செல்லாத நோட்டைத் திணித்துவிடுவார்கள்.

ஒற்றையடிப்பாதை

என் பதிலை நம்பி உட்கார்ந்திருந்தால் பணம் போயிருக்கும், மன்னியுங்கள். கோட்டைக்கு வழி நான் சொல்கிறேன். ஸ்தாரோமியெஸ்த்ஸ்காவில் மெட்ரோ ஏறி, அடுத்த நிலையமான மாலோஸ்த்ரான்ஸ்காவில் இறங்குங்கள். அங்கிருந்து 22ஆம் எண் டிராம் மலைமேல் ஏறும். 'பிராஜ்ஸ்கீ ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்கினால், படிக்கட்டு இல்லாமல் ஒரு பாலத்தைக் கடந்து கோட்டை வாசலுக்கே போய்விடலாம். 30 நிமிட டிக்கெட் போதும், டிராமுக்கும் அதுவே செல்லும். காகித டிக்கெட் என்றால் மெட்ரோவுக்குள் நுழையும்போதே மஞ்சள் பெட்டியில் நேரத்தைப் பதித்துவிடுங்கள். பதிக்காவிட்டால், டிக்கெட் கையில் இருந்தும் அபராதம்தான். டிராமில் மறுபடி பதிக்க வேண்டாம்.

கோட்டைக்குள் புனித வீத்துஸ் பேராலயத்தில் அம்மாவைச் சற்று உட்கார வையுங்கள். 1344இல் தொடங்கி 1929இல் முடித்த கட்டடம் அது. வெயில் இருந்தால் கண்ணாடி ஓவியங்களின் நிறம் தூண்களின்மேல் விழும்.

மழைத்தூறல் (3.40)

பேராலயத்துக்குள் இருக்கிறோம். வெயில் இருக்கிறது.