சுங்குடிச் சேலை விற்க இன்ஸ்டாகிராம் போதுமா?

கேள்வி:
மதுரையில் அம்மாவும் நானும் கையால் முடிச்சுப் போட்ட சுங்குடிச் சேலை விற்கிறோம். ரீல் போட்டால் லைக் வருகிறது, ஆர்டர் வருவதில்லை. வலைப்பூ எல்லாம் இன்னும் யாராவது படிக்கிறார்களா?

பதில் 1:
தேடி வந்து படிக்கிறார்கள். ரீல் சில நாளில் கீழே போய்விடும், ஆனால் சுங்குடியை முதல்முறை எப்படித் துவைப்பது என்று ஒரு பதிவு எழுதி வைத்தால் கூகுளில் தேடுகிறவர் அடுத்த வருடமும் வந்து சேருவார். சாயம் காய்ந்தபின் முடிச்சை அவிழ்த்ததும் வெள்ளைப் புள்ளி விரிகிறதே, அதைக் கிட்டத்தில் வைத்துப் படம் எடுங்கள். அச்சடித்த சேலையில் அது கிடையாது. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு (இது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற அரசு அங்கீகாரம்) கிடைத்ததையும் எழுதுங்கள்.

பதில் 2:
வாட்ஸ்அப்பை விட்டுவிடாதீர்கள். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும், அதனால் ஒவ்வொரு பார்சலிலும் எண்ணை எழுதி வைத்து சேமிக்கச் சொல்லுங்கள்.

பதில் 3:
விலையைப் பதிவிலேயே போடுங்கள். 'இன்பாக்ஸில் வாருங்கள்' என்றால் பாதிப் பேர் நகர்ந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்:
சரி, துவைக்கும் பதிவை இன்றைக்கே எழுதுகிறேன். நன்றி அக்கா, அண்ணன்களே.