‘தி பிக் ஸ்னூஸ்’: கனவு கிடக்கட்டும், அந்தக் கட்டைக்கு என்ன பதில்?

செல்லுலாய்டு சித்தர்:
1946-இல் வார்னர் ஸ்டூடியோவிலிருந்து வந்த பக்ஸ் பன்னி கார்ட்டூன் ‘தி பிக் ஸ்னூஸ்’ பற்றி நேற்று ஒருவர் “கனவுக் கார்ட்டூன்களிலேயே குறை சொல்ல இடமில்லாத படம்” என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படத்தை முதலிலிருந்து பார்த்தாரா, பாதியில் வந்து உட்கார்ந்தாரா? கனவுக்கு முன்னால் ஒரு துரத்தல் வருகிறது. மலை விளிம்பில் பொந்து விழுந்த கட்டை. வேட்டைக்காரர் எல்மர் உள்ளே நுழைகிறார், முயல் பக்ஸ் பன்னி கட்டையைத் திருப்பி அதன் வாயை அந்தரத்தில் வைக்கிறான், எல்மர் வெளியே வந்து காற்றில் நிற்கிறார், பதறி உள்ளே ஓடுகிறார். மறுபடி அதே. இது அதே ஸ்டூடியோவின் இயக்குநர் டெக்ஸ் ஏவரியின் 1941 படமான ‘ஆல் திஸ் அண்ட் ராபிட் ஸ்டூ’விலிருந்து எடுத்தது. பழைய வேட்டைக்காரனை நீக்கி எல்மரை வைத்திருக்கிறார்கள். இதுவா குறையில்லாத படம்?

பென்சில்டெஸ்ட்:
சித்தரே, வணக்கம். நேற்று எழுதியது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஒரே ஸ்டூடியோ, அவங்க தாள், அவங்க வரைஞ்சது. சொந்த வீட்டு அரிசியை எடுத்துப் பொங்கினா அது களவா? பக்ஸ் தூக்க மாத்திரையைப் போட்டுக்கிட்டு எல்மர் கனவுக்குள்ள போறான், ‘கெட்டகனவுப் பெயின்ட்’ டப்பாவை எடுத்து அந்த அமைதியான கனவு மேல பூசுறான். கனவு கெட்டுப்போறதைப் பின்னணி நிறமே சொல்லிடுது. பின்னணி ஓவியர் பிலிப் டிகார்டோட வேலை. அதைப் பத்தி ஒரு வரி இல்ல. கட்டையாம் கட்டை.

செல்லுலாய்டு சித்தர்:
பெயின்ட் நன்று. கட்டைக்குப் பதில் வரவில்லை. 35 மி.மீ. பிலிமில் அடிக்கு 16 ஃபிரேம், நிமிடத்துக்கு 90 அடி. 7 நிமிடப் படம் 630 அடி. கட்டைக் காட்சியை ஒரு நிமிடம் என்று வைத்துக்கொண்டாலும் ஏழில் ஒரு பங்கு பழையது.

குறட்டை குமார்:
கணக்கு வாத்தியார் வந்துட்டார். எல்லாரும் சிலேட்டை எடுங்கப்பா.

பென்சில்டெஸ்ட்:
அடிக்கணக்கு தெரிஞ்சவருக்கு வேலைக்கணக்கு தெரியலையே. உருவத்தை வரையுற செல்லை, அதாவது ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை, கழுவி மறுபடி பயன்படுத்தின காலம் அது. பழைய செல்லையே மாட்டிப் படம் பிடிக்க வழியில்ல. ஸ்டூடியோ கையில இருந்தா பென்சில் தாளும், எந்தப் படத்தை எத்தனை ஃபிரேம் பிடிக்கணும்னு குறிச்ச எக்ஸ்போஷர் ஷீட்டும்தான் இருக்கும். எல்மரைப் புதுசா வரையணும். பக்ஸையும் விட முடியாது, ஏன்னா அனிமேட்டர் மெக்கிம்சன் 1943-இல் பக்ஸ் முகத்தையே மாத்திட்டார். 1941 பக்ஸ் வேற ஆள் மாதிரி இருப்பான். அப்புறம் இங்க், பெயிண்ட், கேமரா மூணும் முழுச்செலவு. மிச்சம் அனிமேட்டர் நேரம் மட்டும்தான். இதைப் போய் ‘எடுத்தது’ன்னா எப்படி?

செல்லுலாய்டு சித்தர்:
நீங்களே தூக்குக் கயிற்றைத் திரித்துக் கொடுக்கிறீர்கள். பழைய தாளைப் பெக் பாரில், அதாவது தாள் நகராமல் பிடிக்கும் முளைப் பட்டையில், மாட்டி, மேலே புதுத்தாள் வைத்து உருவத்தை மாற்றும்போது கால் தரையைத் தொடும் இடத்தை நகர்த்த முடியாது. நகர்த்தினால் கட்டை திரும்பும் கணமும் பின்னணியின் ஓட்டமும் பிசகும். 1941 படத்து வேட்டைக்காரன் காலை இழுத்து இழுத்து நடப்பவன். எல்மர் குட்டை, தலை பெருத்தவர். ஆகவே உருவம் எல்மருடையது, எடையும் தாளமும் வேறொருவனுடையது. கட்டைக்குள் நுழையும் முன்பும் பின்பும் எல்மர் நடப்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். ராட் ஸ்கிரிப்னர், மேனி கூல்ட் போன்ற அனிமேட்டர்கள் முகத்தை ரப்பராக இழுக்கும் படத்தில் இந்தத் துண்டு மட்டும் ஏவரியின் வெட்டு வேகத்தில் ஓடுகிறது.

ஸ்கேன்லைன்:
ஒன்று சொல்லட்டுமா. எல்மர் ஒப்பந்தத்தைக் கிழித்து வேலையை விடுவதே, எந்தப் படத்திலும் முயலைப் பிடிக்க முடியவில்லை என்ற சலிப்பில்தான். அந்தச் சலிப்புக்கு முன்னால் வரும் துரத்தல் அரைத்த மாவாக இருப்பது கதைக்குப் பொருத்தம்தானே?

பென்சில்டெஸ்ட்:
அப்படிப் போடுங்க.

செல்லுலாய்டு சித்தர்:
படம் வந்த பிறகு ரசிகர் எழுதிக் கொடுக்கும் வக்காலத்து இது. இதை இயக்கிய பாப் கிளாம்பெட் 1945-இலேயே வார்னரை விட்டுப் போய்விட்டார், அவர் குழு ஆர்ட் டேவிஸ் என்ற இயக்குநரிடம் போனது. டைட்டிலில் இயக்குநர் பெயரே இல்லை. போகிற அவசரத்தில் கட்டையை எடுத்து நடுவில் செருகியிருக்கிறார்கள்.

பென்சில்டெஸ்ட்:
அவசரம்னு யார் சொன்னா? டைட்டிலில் பேர் இல்லாதது தப்புன்னா, உங்க ஏவரி பேரும் 1941 படத்துல கிடையாது. தன்னோட இன்னொரு படம் ‘தி ஹெக்லிங் ஹேர்’ முடிவை ஸ்டூடியோ வெட்டினதுல சண்டை போட்டுட்டுப் போனவர் அவர். அதைப் பேச மாட்டீங்க. போன மாசம் ரோட்டோஸ்கோப் (நிஜ ஆளைப் படம்பிடிச்சு அதுமேல வரையுறது) பத்தின விவாத இழையிலயும் இப்படித்தான் பாதியில காணாமப் போனீங்க.

செல்லுலாய்டு சித்தர்:
ரோட்டோஸ்கோப் இழையில் நான் கேட்ட கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. இங்கும் இல்லை.

குறட்டை குமார்:
எல்மருக்குப் பெண் வேஷம் போட்டு ஹாலிவுட் அண்ட் வைன் முனையில தள்ளிவிட்டதும் தொளதொள சூட் ஓநாய்ங்க துரத்துமே, அதுக்கு ஒருத்தரும் மார்க் போடல. கூட்டல் இயந்திரத்தைத் தட்டத் தட்ட முயல் பெருகி வரிசையா ஓடுறது இன்னும் ஜோர்.

செல்லுலாய்டு சித்தர்:
கூட்டத்தைச் சைக்கிளில், அதாவது சுழற்சியில், போடுவது தொழிலில் வழக்கம். 8 அல்லது 12 படம் வரைந்து சுற்ற விட்டால் எத்தனை முயல் வேண்டுமானாலும் வரும். அதைக் குறை சொல்லவில்லை. அது அந்தப் படத்துக்கென்றே வரைந்தது. கட்டை அப்படியல்ல.

பென்சில்டெஸ்ட்:
ஓ, சுழற்சி பரவாயில்ல, மறுபயன்பாடு பாவம்! கிளாம்பெட்னாலே உங்களுக்கு ஆகாது, அதுதான் விஷயம். நீங்க இன்னொரு வார்னர் இயக்குநர் சக் ஜோன்ஸோட கட்சி. ஜோன்ஸ் 1979 பக்ஸ் பன்னி - ரோட் ரன்னர் படத்துல பக்ஸுக்கு இவங்க இவங்க அப்பான்னு பட்டியல் போட்டு, கிளாம்பெட் பேரை மட்டும் விட்டாரே, அந்தப் புத்தி.

செல்லுலாய்டு சித்தர்:
1975-இல் ஒரு ஆவணப்படத்தில் பக்ஸின் பெருமையைக் கிளாம்பெட் எவ்வளவு அள்ளிக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிறகு பட்டியலுக்கு வரலாம்.

ஸ்கேன்லைன்:
தொலைக்காட்சியில் மாத்திரைக் காட்சியை வெட்டிவிடுவார்கள். அந்தப் பிரதியைப் பார்த்தால் பக்ஸ் எப்படிக் கனவுக்குள் போனான் என்றே புரியாது. யார் எந்தப் பிரதியைப் பார்த்துப் பேசுகிறீர்கள்? 2004-இல் டிவிடியாக வந்த ‘லூனி ட்யூன்ஸ் கோல்டன் கலெக்ஷன்’ இரண்டாம் தொகுப்பில் இந்தப் படம் இருக்கிறது.

செல்லுலாய்டு சித்தர்:
அதையும் 1941 படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு, கட்டை திரும்பும் ஃபிரேமில் நிறுத்துங்கள். கால் பாதம் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பென்சில்டெஸ்ட்:
1941 படத்தை எங்க போய்ப் பார்க்க? கறுப்பின மக்களை இழிவாக் காட்டுதுன்னு 1968-இல் ஒதுக்கின 11 படத்துல அதுவும் ஒண்ணு. ஸ்டூடியோ போட்ட டிஸ்க்கே கிடையாது.

செல்லுலாய்டு சித்தர்:
காப்புரிமை புதுப்பிக்காத படம் அது. பொதுவில் தேய்ந்த பிரதிகள் கிடைக்கின்றன. தேடத் தெரியாதவர் குறையில்லாத படம் என்று சான்றிதழ் எழுதக் கூடாது.

பென்சில்டெஸ்ட்:
தேய்ஞ்ச பிரதியில பாதம் எங்க விழுதுன்னு நீங்க பார்த்தீங்களாக்கும்! நல்ல கண்ணு சார்.

செல்லுலாய்டு சித்தர்:
முதலில் பெக் பார் பதிலைச் சொல்லுங்கள்.

குறட்டை குமார்:
இன்னொரு இழை திறந்துடலாமா? இங்க இடம் பத்தாது.