அயர்லாந்துப் பஞ்சம்: கூகன் சொல்வது சரியா?

கரிசல்காடு:
அயர்லாந்துப் பத்திரிகையாளர் டிம் பாட் கூகன் இந்தப் பஞ்சத்தைப் பற்றி 2012-இல் எழுதிய புத்தகத்தை முடித்தேன். பிரிட்டன் ஆட்சியிலிருந்த அயர்லாந்தில் 1845-இல் உருளைக்கிழங்கில் கருகல் நோய் விழுந்து தொடங்கிய பஞ்சத்தை அவர் இனப்படுகொலை என்கிறார். எனக்கும் சந்தேகமில்லை. சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதைவிட அதிகம் பேர் கப்பலேறினார்கள். அப்போதும் தானியமும் வெண்ணெயும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. இதற்கு வேறென்ன பெயர்?

நூல்மேய்வான்:
கோர்மாக் ஓ கிராடாவையும் படியுங்கள். டப்ளினில் பேராசிரியராக இருந்தவர், பிரிட்டனுக்கு வக்காலத்து வாங்குபவரல்ல. அவர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. 1847-இல் வெளியே போனதைவிட உள்ளே வந்த தானியம்தான் மிக அதிகம், பெரும்பகுதி மக்காச்சோளம். அந்தக் கோடையில் கஞ்சித்தொட்டிகளில் தினமும் 30 லட்சம் பேர் வரை கஞ்சி குடித்தார்கள். கொல்ல நினைத்த அரசு இதைச் செய்யுமா?

கரிசல்காடு:
கஞ்சித்தொட்டி, சரி. எத்தனை மாதம்? இலையுதிர் காலத்துக்குள் மூடிவிட்டார்கள். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணமே கிடையாது என்று அதே ஆண்டு சட்டம் போட்டார்கள். கஞ்சி வேண்டுமானால் காணியை விட வேண்டும். விட்டவனுடைய குடிசையைப் பண்ணையார் ஆள் வைத்து இடித்தார். மக்காச்சோளம் குவிந்ததும் 1847 வசந்தத்தில்தான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் செத்தவர்களுக்கு அந்தக் கணக்கு என்ன செய்யும்?

மெரினாக்காரி:
நிவாரணப் பணத்துக்குச் சாவி வைத்திருந்தவர் கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன். 1848-இலேயே பஞ்சம் முடிந்ததுபோல் புத்தகம் எழுதினார், அதில் இறைவனின் கையைக் கண்டார். ஜனங்கள் அதற்குப் பிறகும் செத்துக்கொண்டிருந்தார்கள். 1859-இல் அவரையே நம் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக அனுப்பினார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நூல்மேய்வான்:
அவரைக் காப்பாற்ற நான் வரவில்லை, சகோதரி. 1962-இல் வரலாற்றாசிரியர் செசில் உட்ஹாம்-ஸ்மித் இந்தப் பஞ்சம் பற்றி எழுதிய நூலிலிருந்து எல்லாப் பழியும் ட்ரெவெல்யன் தலையில் விழுகிறது. அப்படியானால் பிரதமர் ரஸ்ஸலும் பணம் தர மறுத்த நாடாளுமன்றமும் தப்பிவிடுவார்கள். சந்தையில் தலையிடக்கூடாது என்ற கொள்கையை எல்லாரும்தான் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இனப்படுகொலை என்றால் அழிக்கும் நோக்கம் வேண்டும்.

கரிசல்காடு:
பஞ்சத்துக்கு அரசு செலவிட்டது சுமார் 80 லட்சம் பவுண்டு, அதிலும் பாதிக்கு மேல் கடனாகத்தான் கொடுத்தது. 1833-இல் அடிமை முறையை ஒழித்தபோது அடிமைகளை வைத்திருந்த முதலாளிகளுக்கு இழப்பீடாக ஒதுக்கியது 2 கோடி. யாருக்கு அள்ளிக் கொடுத்தார்கள், யாருக்குக் கை சுருங்கியது என்று பாருங்கள்.

நூல்மேய்வான்:
இந்தக் கணக்கை மறுக்க மாட்டேன். தெரிந்தே சாக விட்டார்கள் என்று எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.